வரவுப் பதிவேட்டுக்கு மார்க் போடுகிறவர்கள்

டிசம்பர் முதல் வாரத்தில் அமெரிக்காவில் ஒரு திருவிழா நடக்கிறது. கிறிஸ்துமஸைச் சொல்லவில்லை, அது பிறகு வருவது. பள்ளி இறுதி வகுப்புப் பையன்கள், எந்தப் பல்கலைக்கழகத்துக்காக ஃபுட்பால் ஆடப் போகிறோம் என்று கையெழுத்துப் போடும் நாள் இது. முன்பெல்லாம் பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் இந்தச் சடங்கு. 2017 முதல் டிசம்பரிலும் போடலாம் என்று ஆக்கினார்கள். இப்போது பெரும்பாலானவர்கள் டிசம்பரிலேயே முடித்துவிடுகிறார்கள். பெயர் பெற்ற பையன் என்றால் ஒரு மேசை போட்டு, மூன்று நான்கு தொப்பிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்னம். பையன் ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான். அம்மா அழுவார், அப்பா முதுகில் தட்டுவார், கேமராக்கள் மினுக்கும்.

இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளைக்கு நல்ல இடம் கிடைத்தால் எந்த வீட்டிலும் கொண்டாடத்தான் செய்வார்கள். என் ஆட்சேபணையெல்லாம் அன்று சாயங்காலம் வரும் பட்டியலைப் பற்றியது. எந்தப் பல்கலைக்கழகத்தின் புது பேட்ச் நாட்டிலேயே முதலிடம், எது ஏழாவது, எது நாற்பதாவது என்று தசம புள்ளி வரை கணக்குப் போட்டு வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பையன்கூடக் கல்லூரி உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டமும் ஆடியிருக்க மாட்டான். அதற்குள் முதலிடம்! பயிற்சியாளருக்குப் பாராட்டு, எதிர் முகாமுக்கு ஏளனம், ரசிகர்களுக்கு மார்தட்டல்.

நம் ஊரில் பல வீடுகளில் பிள்ளைகள் அங்கே குடியேறிவிட்டதால் இந்த விவகாரம் நமக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கிறது. என் மருமகப்பிள்ளை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்தவர். ஆண்டுதோறும் தவறாமல் எனக்கு அந்தப் பட்டியலை அனுப்பி, "மாமா, இந்த வருஷம் நம்ம பேட்ச் எப்படி பார்த்தீங்களா?" என்று கேட்பார். பார்த்தேன். பார்த்ததால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இது நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டி, ஒருவரையொருவர் மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம். கல்லூரிப் பசங்கள் ஆட்டம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். மருமகப்பிள்ளையின் கைல் ஃபீல்டிலும் ஒரு லட்சத்துக்கு மேல். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குகிறவர் ஆளுநர் இல்லை, தலைமை நீதிபதி இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் பயிற்சியாளர்தான். குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் இதைப் படித்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிக்கத்தான் வேண்டும்.

இனி நட்சத்திரக் கணக்கு. பள்ளிகளில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் நாடு முழுவதும் பத்து லட்சம் பேர் வாக்கில். அவர்களில் கல்லூரிகளின் கண்ணில் படுகிறவர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்க 247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். என்று நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்து நட்சத்திரம் ஆண்டுக்கு முப்பது பேர் வாக்கில்தான். பையனின் உயரம், எடை, நாற்பது கஜ ஓட்டத்துக்கு எத்தனை நொடி, கோடைக்கால முகாமில் எப்படி ஆடினான், வீடியோ எப்படி, எந்தெந்தப் பெரிய பல்கலைக்கழகங்கள் அவனைக் கேட்டிருக்கின்றன என்பதையெல்லாம் பார்க்கிறார்கள். பிறகு ஒரு பல்கலைக்கழகம் சேர்த்த எல்லாப் பையன்களின் மதிப்பையும் கூட்டுகிறார்கள். சும்மா கூட்டுவதில்லை, சிறந்தவனுக்கு முழு எடை, அடுத்தடுத்தவனுக்குக் குறைந்துகொண்டே போகும் எடை என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். கணக்கு சுத்தம். எதைக் கணக்கிடுகிறோம் என்பதுதான் கோளாறு.

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். இது தபால் வரவுப் பதிவேட்டைப் பார்த்து ஆபீசுக்கு மார்க் போடுவது. இன்றைக்கு எத்தனை தபால் வந்தது, எந்தத் துறையிலிருந்து வந்தது, எவ்வளவு கனமான உறை என்பதெல்லாம் வரவுப் பதிவேட்டில் இருக்கும். ஆபீஸ் வேலை செய்ததா என்பது அதில் இருக்காது. அதற்குத் தீர்வான கோப்புகளின் பதிவேட்டைத் திறக்க வேண்டும். வந்த கோப்பு என்ன ஆயிற்று, எத்தனை மாதம் தூங்கிற்று, மனுதாரருக்குப் பதில் போனதா, இல்லையா? ஆய்வுக்கு வந்த அதிகாரி எவரும் வரவுப் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு "பேஷ், நல்ல கனமான உறைகள்" என்று எழுதிவிட்டுப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் அதைத்தான் செய்கிறார்கள்.

மருமகப்பிள்ளையின் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2022ஆம் ஆண்டு பேட்ச். நாட்டிலேயே முதலிடம். அதுமட்டுமில்லை, நட்சத்திரக் கணக்கு தொடங்கிய காலத்திலிருந்து அன்று வரை இப்படியொரு பேட்ச் எவரும் சேர்த்ததில்லை என்று 247 ஸ்போர்ட்ஸ் கணக்குச் சொன்னது. ஐந்து நட்சத்திரக்காரர்கள் மட்டும் அரை டஜனுக்கு மேல். பணம் கொடுத்து வாங்கிய அணி என்று அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் மேடையில் பேசினார். ஏ அண்ட் எம் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி அவரை வறுத்தெடுத்தார். இரண்டு பெரிய மனிதர்கள், குழாயடிச் சண்டை.

ஆட்டம் தொடங்கியது. செப்டம்பர் 10 அன்று சொந்த மைதானத்தில், பட்டியலில் எங்கோ கீழே இருக்கும் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17க்கு 14 என்று தோல்வி. பிறகு அந்தப் பருவத்திலேயே தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோல்வி. கடைசியில் 5 வெற்றி, 7 தோல்வி. சரித்திரத்திலேயே சிறந்த பேட்ச் வந்த வருஷத்தின் கதை இது. முதல் வருஷப் பையன்கள்தானே, அவர்களுக்கு நேரம் கொடுங்கள் என்று சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தைக் கொடுக்காமல் டிசம்பரிலேயே மார்க் போட்டது யார்? அந்தப் பையன்களில் பலர் ஒன்றிரண்டு வருஷத்தில் மூட்டை கட்டி வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள். 2023 நவம்பரில் ஃபிஷரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தம் மிச்சம் இருந்ததால், இனிமேல் வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை சுமார் 7 கோடியே 60 லட்சம் டாலர். வரிப்பணம் இல்லை, விளையாட்டுத் துறையும் நன்கொடை அமைப்பும் கொடுக்கும் என்று பல்கலைக்கழகம் சொன்னது. சரி, இருக்கட்டும். நம் பென்ஷன் நிலுவையை நினைத்து நான் பெருமூச்சு விட்டது வேறு விஷயம்.

கதை அத்தோடு முடியவில்லை. 2025 ஏப்ரலில் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சடங்கு நடந்தது. அதன் முதல் சுற்றில், 16ஆவதாக வால்ட்டர் நோலன், 17ஆவதாக ஷெமார் ஸ்டூவர்ட். இரண்டு பேரும் அதே 2022 பேட்ச். ஒருவர் கடைசி வரை ஏ அண்ட் எம்மில் இருந்தார். மற்றவர் ஓல் மிஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போய் அங்கிருந்து தேர்வானார். ஆக, நட்சத்திரம் போட்டவர்கள் இந்தப் பையன்களின் உடம்பையும் திறமையையும் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. பையன்கள் தேறினார்கள், பேட்ச் தேறவில்லை. ஏனென்றால் 'பேட்ச்' என்பதற்குக் கொடுத்த மார்க், இவர்களை வாங்கிய பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த மார்க். வாங்கும் திறமைக்குக் கொடுத்ததை வளர்க்கும் திறமைக்குக் கொடுத்ததாக எல்லோரும் படித்துக்கொண்டார்கள்.

இங்கே மருமகப்பிள்ளையின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. "மாமா, ஒரு உதாரணத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. இத்தனை வருஷமா சாம்பியன் ஆன டீம் எல்லாம் யாரு? அலபாமா, ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட். எல்லாம் லிஸ்ட்ல மேலே இருந்ததுங்கதானே?" என்கிறார். உண்மை. நிக் சேபன் 2007 முதல் 2023 வரை அலபாமாவில் இருந்து ஆறு முறை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கியவர். அவருடைய பேட்ச்கள் வருஷா வருஷம் பட்டியலின் உச்சியில்தான் இருந்தன. ஐந்து நட்சத்திரக்காரன் முன்னுக்கு வரும் வாய்ப்பு இரண்டு நட்சத்திரக்காரனைவிட அதிகம் என்பதும் உண்மை.

அதற்கு என் பதில்: நல்ல விதைநெல் வாங்கினால் விளைச்சல் நன்றாக வர வாய்ப்பு அதிகம் என்பது எந்தக் குடியானவனுக்கும் தெரியும். அதற்காக விதைநெல் மூட்டை வாங்கிய அன்றே மகசூல் போட்டி நடத்திப் பரிசு கொடுப்பார்களா? சேபன் ஜெயித்தது நட்சத்திரங்களை அள்ளியதால் மட்டும் என்றால், அதே அளவு அள்ளிய ஃபிஷரும் ஜெயித்திருக்க வேண்டும். நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதைத்தான் பட்டியல் அளப்பதில்லை. எல்லோரும் ஜெயிக்கிற இடத்துக்குப் போகத்தான் ஆசைப்படுவார்கள். ஜெயித்ததால் நட்சத்திரங்கள் வந்தனவா, நட்சத்திரங்கள் வந்ததால் ஜெயித்தார்களா என்பதும் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

சாம்பியன் ஆன ஜார்ஜியாவையே பாருங்கள். 2022 ஜனவரியிலும் 2023 ஜனவரியிலும் தொடர்ந்து இரண்டு பட்டம். ஆட்டத்தின் மூளை என்று சொல்லத்தக்க குவார்ட்டர்பேக் இடத்தில் நின்றவர் ஸ்டெட்சன் பென்னெட். அவரை ஜார்ஜியா உதவித்தொகை கொடுத்துக் கூப்பிடவில்லை. தானே போய்ச் சேர்ந்தார். அங்கே ஆட வாய்ப்பில்லை என்று ஒரு சிறிய கல்லூரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். இப்படி அழைப்பும் உதவித்தொகையும் இல்லாமல் தானே நடந்து வந்து அணியில் சேர்கிறவனை அங்கே 'வாக்-ஆன்' என்கிறார்கள். நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவில் அந்த நடந்து வந்த பையன்தான் பந்தை எறிந்தான்.

அவர் ஒருவர் மட்டுமா? ஜே. ஜே. வாட் என்பவருக்குப் பள்ளி முடித்தபோது இரண்டு நட்சத்திரம். சென்ட்ரல் மிச்சிகனில் சேர்ந்து, அங்கே பிடிக்காமல், உதவித்தொகையை விட்டுவிட்டு விஸ்கான்சினுக்கு வாக்-ஆனாகப் போனார். இடையில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினார். ஜாஷ் ஆலன் கலிஃபோர்னியாவில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். பள்ளி முடித்தபோது முதல் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்றும் அவரைச் சீண்டவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடி, வயோமிங் போய், 2018இல் தொழில்முறைத் தேர்வில் ஏழாவதாக எடுக்கப்பட்டார். 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் அவர்தான். இந்தியானா பல்கலைக்கழகம் 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்சியாளர் வந்தார். முன்பு இருந்த ஜேம்ஸ் மாடிசன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து பத்துப் பேருக்கு மேல் கூடவே கூட்டிவந்தார். பெரிய இடங்கள் திரும்பிப் பார்க்காத பையன்கள். 2024இல் 11 வெற்றி, 2 தோல்வி, பன்னிரண்டு அணிகளின் இறுதிச் சுற்றில் இடம். வாங்கத் தெரிந்தவனுக்கும் வளர்க்கத் தெரிந்தவனுக்கும் வித்தியாசம் இதுதான்.

'நம்ம' ஃபுட்பாலிலும் இதே கதை உண்டு. என்னைப் போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம் ஊர்க்காரர்களுக்கு மிஷேல் பிளாத்தினியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1972இல் மெட்ஸ் கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மூச்சு ஊதும் சோதனையில் தேறவில்லை, நெஞ்சு பலம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து ஊர் நான்சி எடுத்துக்கொண்டது. அந்தப் பலம் போதாத நெஞ்சோடு 1983, 84, 85 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐரோப்பாவின் தங்கப் பந்தை வாங்கினார். அந்துவான் கிரீஸ்மானைக் குள்ளம் என்று பிரெஞ்சு கிளப்புகள் தள்ள, ஸ்பெயின் தேசத்து கிளப் வளர்த்தது. காந்தேயும் குள்ளம்தான், பெரிய பயிற்சிப் பள்ளி எதுவும் கூப்பிடாமல் கீழ்ப் பிரிவுகளில் ஆடியே மேலே வந்தார். 2018இல் பிரான்ஸ் உலகக் கோப்பை வென்றபோது இருவரும் அணியில் இருந்தார்கள். அதே அணியில் எம்பாப்பேயும் இருந்தார். அவரைச் சிறு வயதிலேயே க்ளேர்ஃபோந்தேன் தேசியப் பயிற்சி மையம் பொறுக்கி எடுத்து வளர்த்தது. தேர்வாளர்கள் எப்போதும் தப்பு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தேர்வு ஒரு கணிப்பு, அவ்வளவுதான். கணிப்புக்குக் கோப்பை கொடுக்கக் கூடாது என்கிறேன்.

எங்கள் காலத்து பிரெஞ்சுப் பள்ளி மதிப்பெண் அறிக்கையில் வாத்தியார்கள் ஒரு வாசகம் எழுதுவார்கள்: "பெ மியோ ஃபேர்". இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவன் என்று அர்த்தம். அதைப் பார்த்து வீட்டில் அடி வாங்காதவர்கள் குறைவு. ஆனால் ஒன்று கவனியுங்கள். மூன்று மாதம் உட்காரவைத்துப் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, பிறகுதான் அதை எழுதினார்கள். அட்மிஷன் அன்றே வாசலில் நின்று பையனின் உயரத்தை அளந்து எழுதவில்லை.

அலுவலகத்திலும் அப்படித்தான். ஒரே நாளில் பணி ஆணை வாங்கிய இரண்டு இளநிலை எழுத்தர்கள் எனக்குத் தெரியும். ஒருவர் தேர்வுப் பட்டியலில் முதல், மற்றவர் கடைசி. முதலாமவரைப் போட்ட பிரிவில் கண்காணிப்பாளர் எந்த வரைவையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புகிறவர். இரண்டாமவருக்கு வாய்த்தவர் சிவப்பு மசியால் வரிவரியாகத் திருத்தி, மறுபடி எழுதச் சொல்கிறவர். பத்து வருஷம் கழித்து, சிக்கலான கோப்பு என்றால் எல்லோரும் தேடியது அந்தக் கடைசி ஆளைத்தான். முதல் ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. திருத்த ஆள் இல்லாமல் போனது அவர் குற்றமும் இல்லை. இருவரையும் சேர்த்த அன்று நீங்கள் மார்க் போட்டிருந்தால் யாரை அளந்திருப்பீர்கள்?

விளையாட்டுப் பேச்சுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் பிள்ளைகள் என்பதால்தான். கல்லூரியில் ஆடுகிறவர்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. சொல்லும் கணக்கு. மீதி தொண்ணூற்றெட்டுப் பேருக்குக் கல்லூரி என்ன கொடுத்தது என்பதுதான் உண்மையான கேள்வி. 1973இலிருந்து சுமார் நாற்பது வருஷம் விளையாட்டு உதவித்தொகை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் ஏற்பாடாகவே இருந்தது. பயிற்சியாளர் வேண்டாம் என்றால் அடுத்த வருஷம் பையன் வீதியில். 2012க்குப் பிறகுதான் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். 2021 ஜூலையிலிருந்து பையன்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைப்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம். வேலை செய்கிறவனுக்குக் கூலி கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பள்ளிப் பையனுக்கு என்ன விலை என்று தொடங்கும்போது முதலில் எதைப் பார்ப்பார்கள்? கண்ணுக்கு முன்னால் தயாராக இருப்பது அந்த நட்சத்திரங்கள்தான்.

அதே உடன்படிக்கையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான். முன்பு ஃபுட்பால் அணிக்கு உதவித்தொகை 85 பேருக்குத்தான் என்று வரம்பு. அதற்கு மேல் உதவித்தொகை இல்லாத வாக்-ஆன்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பல அணிகளில் நூற்றிருபதுக்கு மேல் ஆள் இருக்கும். இப்போது அணியின் மொத்த எண்ணிக்கையே 105 என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்போதே அணியில் இருந்த பையன்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். இனி வரப்போகிறவர்களுக்கு? இடம் குறைந்தால் யாரைக் கழிப்பார்கள்? பட்டியலில் இருப்பவனையா, இல்லாதவனையா? ஸ்டெட்சன் பென்னெட்டும் ஜே. ஜே. வாட்டும் நுழைந்த கொல்லைப்புறக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள். பட்டியல் தப்பு செய்தால் திருத்திக்கொள்ள இருந்த வழி அந்தக் கதவு ஒன்றுதான். பட்டியலின் செல்வாக்கு ஏறும் நேரத்தில் கதவு குறுகுகிறது. சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

என் பேரன் டெக்சாஸில் ஒன்பதாவது படிக்கிறான். அவன் பள்ளி அணியில் பெரிய வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி ஒரு நாள் சொன்னான்: "அவன் சூப்பரா ஆடுறான் தாத்தா. ஆனா மூணு ஸ்டார்தான்." நான் கேட்டேன், "அவன் ஆடுறதை நீ கண்ணால பார்த்தியா?" "எல்லா வெள்ளிக்கிழமையும் பார்க்கிறேனே." "அப்புறம் அந்த 'ஆனா' எதுக்கு?" பேரன் பதில் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததை ஒரு 'ஆனா' போட்டு ரத்து செய்ய பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெரிய வகுப்புப் பையன் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போதும் அந்த 'ஆனா' கூடவே நிற்கும் அல்லவா?

குறை சொன்னால் மட்டும் போதாது, வழியும் சொல்ல வேண்டும். பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களுக்குப் பட்டியல் இல்லாமல் இருக்க முடியாது. தேதியை மாற்றுங்கள் என்கிறேன். 2022இல் சேர்த்த பேட்ச்சுக்கு 2026இல் மார்க் போடுங்கள். நான்கு பத்திகள் போதும். சேர்த்த பையன்களில் நான்காவது வருஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? இரண்டு, மூன்று நட்சத்திரத்தோடு வந்தவர்களில் எத்தனை பேர் முதல் அணியில் நிற்கும் அளவுக்கு உயர்ந்தார்கள்? அடிபட்டு ஆட முடியாமல் போனவர்களின் படிப்புச் செலவைக் கடைசி வரை பல்கலைக்கழகம் ஏற்றதா? பட்டம் வாங்கியவர்களின் விகிதத்தை என்.சி.ஏ.ஏ. ஏற்கனவே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதை வைத்து மார்தட்டும் ரசிகரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆட்டத்தின் வெற்றி தோல்வியை வேண்டுமானால் ஐந்தாவது பத்தியாகப் போட்டுக்கொள்ளட்டும்.

அப்படி ஒரு பட்டியல் வந்தால், தொப்பியை எடுக்கும் முன் பையனும் அவன் பெற்றோரும் பார்க்க உருப்படியாக ஒன்று இருக்கும். இப்போதைய பட்டியல் பல்கலைக்கழகம் பையனை எடை போட உதவுகிறது. பையன் பல்கலைக்கழகத்தை எடை போட உதவுவதில்லை. எந்த நேர்காணலிலும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு மார்க் வேண்டும்.

மருமகப்பிள்ளை இதைப் படிப்பார் என்று தெரியும். அவருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த டிசம்பரில் பட்டியலை அனுப்புங்கள், தாராளமாகப் பார்க்கிறேன். கூடவே நான்கு வருஷத்துக்கு முந்தைய பட்டியலையும் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எழுதி அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு, எது முதலிடம் என்று நாம் பேசலாம்.